மூவண்ணி கூண்டுக்குள் வந்தாள்: ஏழு மாதம், 12 பூனைகள்

நேற்று இரவு 9.40க்குக் கயிற்றை இழுத்தேன். முட்டுக் கொடுத்து நிறுத்திய வலைச் சட்டம் விழுந்தது. உள்ளே மூவண்ணி, மூன்று நிறப் பெட்டைப் பூனை. ஏழு மாதமாகப் பிடிகொடுக்காமல் இருந்தவள். இன்று காலை ஆப்பரேஷன் முடிந்து, இதை எழுதும் நேரத்தில் என் குளியலறையில், துணி போர்த்திய கூண்டுக்குள் படுத்திருக்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் திரியும் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. வளர்ந்த பூனைகள் 12. அதில் இவள் கடைசி. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்கெங்கே தப்பு செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான். அதில் ஒரு தப்பால் நான்கு குட்டிகள் பிறந்தன, ஒன்று செத்தும் போனது. இன்னொருவருக்கு அது நடக்க வேண்டாம்.

எண்ணியது

தொடங்கும்போது ஏழு பூனை இருக்கும் என்றுதான் நினைத்தேன். யாரைக் கேட்டாலும் "ஏழெட்டு இருக்கும்" என்றார்கள். ஒரு நோட்டில் பூனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு வாரம் காலையும் மாலையும் போனில் படம் எடுத்து எழுதி வந்தேன். கடைசியில் 12 வந்தது. சாம்பல் வரிப் பூனை ஒன்றே ஒன்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது மூன்று பூனை. வால் நுனியின் நிறத்தையும் முன்னங்கால் வரிகளையும் வைத்துத்தான் பிரிக்க முடிந்தது.

எது பெட்டை, எது கடுவன் என்பதையும் முடிந்தவரை குறித்துக்கொண்டேன். கறுப்பு, செம்பட்டை, வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அது அநேகமாக எப்போதும் பெட்டைதான். முழுச் செம்பட்டை என்றால் பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, கழுத்து தடித்து, முகத்தில் சண்டைக் காயத்தோடு வந்தால் அதுவும் கடுவன். இப்படி 5 பெட்டை, 5 கடுவன், 2 தெரியவில்லை என்று எழுதினேன். தெரியாத இரண்டும் அரை வளர்ச்சிப் பூனைகள். பிறகு பார்த்தால் இரண்டும் பெட்டை. நான்கு மாதத்திலேயே பெட்டை பருவத்துக்கு வந்துவிடலாம், சினைக்காலம் இரண்டு மாதம்தான். "இது இன்னும் குட்டிதானே" என்று தள்ளிப்போடவே கூடாது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே தீனி நேரத்தையும் ஒழுங்குபடுத்தினேன். மாலை 6.30, படிக்கட்டுக்குக் கீழே, தினமும் அதே இடம். 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவது. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிடிக்கும் நாளில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் இதற்கு ஊரே ஒத்துழைக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் மட்டும் நான்கு வீட்டில் தீனி வைத்தார்கள், நான்கும் நான்கு நேரத்தில்.

முதல் மாடிப் பாட்டியிடம்தான் முதலில் போனேன், அவர்தான் அதிகமாகத் தீனி வைப்பவர். "ஏம்மா, வாயில்லா ஜீவனை அறுத்துப் போட்டா பாவமில்லையா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. போன வருடம் பிறந்த குட்டிகள் எத்தனை பாட்டி, இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ஒன்பது பிறந்ததில் இரண்டுதான் மிச்சம். வண்டிக்கடியில் போனதை அவரே துணியில் சுற்றிப் புதைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார். மறுநாளிலிருந்து மற்ற மூன்று வீட்டையும் 6.30க்குக் கட்டுப்பட வைத்தது அவர்தான்.

பிடித்துக் கொண்டுபோய் எங்காவது தூரத்தில் விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். ஐந்தைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆறு மாதத்தில் வேறு ஐந்து வந்து உட்கார்ந்துகொண்டன. குப்பைத்தொட்டியும் எலியும் ஒளிந்துகொள்ள இடமும் இருக்கிறவரை காலி இடம் காலியாகவே இருக்காது. குடியிருப்புக் கூட்டத்தில் நான் சொன்னது ஃப்ளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததை. 1991 முதல் 2002 வரை 155 பூனைகளைக் கணக்கு வைத்துப் பார்த்து, கருத்தடை செய்து, பழகியவற்றை வீடுகளுக்குத் தத்து கொடுத்தார்கள். 1996இல் வளாகத்தில் 68 பூனை இருந்தது, 2002இல் 23. கிட்டத்தட்ட பாதிப் பூனைகள் தத்துப் போயின என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கருத்தடை மட்டும் எண்ணிக்கையைக் குறைத்துவிடவில்லை.

முதல் சுற்று, என் பெரிய தப்பு

முதலில் கேட்ட மருத்துவமனையில், கையில் தூக்கி வர முடிகிற பூனையைத்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்து டாக்டர், கூண்டோடு கொண்டு வாருங்கள், கூண்டுக்குள்ளேயே மயக்க ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். தெருப் பூனைக்கு இப்படிச் செய்கிற டாக்டர் கிடைத்த பிறகுதான் கூண்டைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை எடுப்பார், எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும், ஒன்றுமே மாட்டாவிட்டால் என்ன செய்வது என்பதை எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்தேன்.

கூண்டு வாங்குவதில்தான் கோட்டை விட்டேன். பட்டறையில் சொல்லி இரண்டு கம்பிக் கூண்டு அடித்தேன்: நீளம் 60 செ.மீ., அகலம் 22, உயரம் 25. தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நானே குறைத்துச் சொன்ன அளவு. உள்ளே மிதிபலகை, பின்கோடியில் தீனி, பூனை பலகையை மிதித்தால் முன்கதவு விழும். எலிப்பொறி மாதிரிதான்.

பிடிக்கும் நாளுக்கு முந்தின நாள் முழுக்கத் தீனி நிறுத்தினோம். தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. மாலை 6.30க்குக் கூண்டுத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, எண்ணெயில் போட்ட டப்பா மீனைப் பின்கோடியில் காகிதத்தின் மேலேயே பூசி வைத்தேன். கிண்ணம் வைத்தால் மாட்டிக்கொண்ட பூனை பதறும்போது அதில் மோதிக் காயப்படும். வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் இரண்டு மூன்று சொட்டு மீன் எண்ணெய்.

முதல் இரவு மாட்டியது மூன்று. அதில் இரண்டு என் காலைச் சுற்றும் பூனைகள், கூண்டே தேவைப்பட்டிருக்காது. நான்காவதாக வந்தவள் மூவண்ணி. மெதுவாக உள்ளே வந்தாள், கழுத்தை நீட்டினாள், பலகையை மிதித்தாள். அப்போதும் அவளுடைய இடுப்பு கதவுக்கு வெளியே இருந்தது. கதவு நடு முதுகில் விழுந்தது. ஒரு அலறல், உதறல், பின்னால் உருவிக்கொண்டு மதில் மேல் ஏறிப் போய்விட்டாள். காயமில்லை என்பது அடுத்த நாள் நடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு கம்பிக் கூண்டு இருக்கும் திசைக்கே அவள் வரவில்லை.

வளர்ந்த பூனைக்குக் கூண்டு 90 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும், அகலமும் உயரமும் 30க்குக் குறையக் கூடாது. பலகையை மிதிக்கும்போது வால் நுனியும் உள்ளே வந்திருக்க வேண்டும். 30 செ.மீ. கம்பியை மிச்சம் பிடித்ததற்கு ஏழு மாதம் கொடுத்தேன்.

அன்று அவள் சினையாக இருந்திருக்கிறாள். ஐந்து வாரம் கழித்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் நான்கு குட்டிகள். மூன்றாவது வாரத்தில் ஒன்றுக்குக் கண் ஒட்டி, மூக்கில் சளி கட்டி, டாக்டரிடம் எடுத்துப் போய் மருந்து விட்டும் இரண்டாம் நாள் இறந்துவிட்டது. என் உள்ளங்கைக்குள் அடங்கிற குட்டி. அதன் பக்கத்தையும் நோட்டில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்று

இந்த முறை 90 செ.மீ. கூண்டு நான்கு. இரண்டு புதிதாக அடித்தது, இரண்டு இரவல். பழைய இரண்டையும் பட்டறையிலேயே கொடுத்து நீட்டிக்கொண்டேன். ஆக ஆறு. பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டுகளைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்து, கதவு விழாதபடி கட்டுக்கம்பியால் கட்டி, தினமும் தீனியை உள்ளேயே வைத்தேன். முதல் நாள் வாசலில், அடுத்த நாள் ஒரு சாண் உள்ளே, நான்காம் நாள் பலகைக்குப் பின்னால். பாட்டி மாடியிலிருந்து பார்த்து யார் யார் உள்ளே போகிறார்கள் என்று சொல்வார், நான் குறித்துக்கொள்வேன்.

இரண்டு இரவில் ஏழு, மூன்றாம் இரவில் ஒன்று. அடுத்தடுத்த இரவுகளில் பிடித்ததால்தான் இது முடிந்தது. ஒன்றொன்றாக மாதக் கணக்கில் பிடித்தால் மீதியிருப்பவை பார்த்துப் பார்த்துப் பாடம் படித்துவிடும். இடையில் புது ஈத்தும் வந்துவிடும்.

கதவு விழுந்த நொடியில் பூனை கம்பியில் மூக்கை மோதிக்கொண்டு சுழலும். உடனே பெரிய துணியால் கூண்டு முழுவதையும் மூட வேண்டும். இருட்டானால் பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும். முதல் சுற்றில் துணியை மாடியில் விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் ஒரு பூனை மூக்கைக் கிழித்துக்கொண்டது. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கூண்டின் மேலும் துணி மடித்துத் தயாராக இருந்தது. பின்கதவுக்குக் கூடுதலாக ஒரு கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டோவில் குலுங்கும்போது தாழ்ப்பாள் தானாக விலகுவதை நானே பார்த்தேன்.

எடை போட ஒரு வழி கண்டுபிடித்தோம். காலிக் கூண்டைக் காகிதத்தோடும் துணியோடும் சேர்த்து முன்பே தொங்கு தராசில் நிறுத்து, எண்ணைக் கூண்டிலேயே பெயின்டால் எழுதிவிட்டேன். 6.1 கிலோ கூண்டு பூனையோடு 9.3 வந்தால் பூனை 3.2. மயக்க மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். கடிக்கிற பூனையை எடுத்து நிறுக்க முடியாது என்பதால் டாக்டருக்கு இது பெரிய உதவியாக இருந்தது.

அந்த எட்டில் ஒரு சாம்பல் வரிப் பெட்டை. வயிற்று மயிரை மழித்துப் பார்த்தபோது தழும்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தால் கருப்பை இல்லை. எப்போதோ யாரோ செய்துவிட்டு, காதில் அடையாளம் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வீணாக ஒரு மயக்கம், ஒரு தையல், மூன்று நாள் கூண்டு. அன்றுதான் காது நுனி வெட்டின் அருமை எனக்கு முழுதாக உறைத்தது. அதுவரை, அழகான காதை ஏன் வெட்ட வேண்டும் என்று மனசு ஒப்பவில்லை. மயக்கத்தில் இருக்கும்போதே இடக் காதின் நுனியில் ஒரு செ.மீ. அளவுக்கு நேர்கோடாக எடுக்கிறார்கள். சில இடங்களில் வலக் காது என்று வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் பள்ளம் மட்டும் வெட்டினால் சண்டையில் கிழிந்த காதுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நேராக வெட்டிய காது மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே, அந்தி வெளிச்சத்திலும் தெரியும். அந்த வரிப் பூனையை இனி யாரும் பிடித்து அறுக்க மாட்டார்கள்.

மயக்கத்திலேயே வெறிநாய்க்கடி ஊசியும், மற்ற பூனை நோய்களுக்கான தடுப்பூசியும் போட்டுவிட்டார். இந்தப் பூனைகள் வாழ்நாளில் டாக்டர் கைக்கு வருவது இந்த ஒரே முறையாகக்கூட இருக்கலாம்.

வீட்டில் வைத்துப் பார்த்த இரவுகள்

படித்ததில் கிடைக்காத பாடம் எல்லாம் இங்கேதான். முதல் பூனை வீட்டுக்கு வந்தபோது கண் முழுக்கத் திறந்து, நாக்கு ஓரமாகத் தொங்கி, அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதென்று நினைத்து டாக்டரை அழைத்துவிட்டேன். மயக்க மருந்தில் பூனைக்குக் கண் மூடாது, அதனால்தான் கண் உலராமல் களிம்பு போட்டு அனுப்பியிருக்கிறேன் என்றார். விலாவில் மயிர் ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னார். எண்ணினேன். அன்றிரவு முழுக்க எண்ணினேன்.

உடம்பு சூடு குறைந்துவிடுவதுதான் முதல் ஆபத்து. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, கூண்டுக்கு வெளியே கம்பியை ஒட்டி வைத்தேன். தரையில் நேராக வைக்காமல் அடியில் அட்டை. தலை நிற்கிற வரைக்கும் தண்ணீர்க் கிண்ணம் உள்ளே போகக் கூடாது. தள்ளாடும் தலை அதிலேயே விழுந்துவிடும். நன்றாக விழித்து உட்கார்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் ஒரு கரண்டித் தீனி. எவ்வளவு பாசம் வந்தாலும் கையை உள்ளே விடக் கூடாது. மயக்கம் பாதி தெளிந்த பூனைக்கு யார் என்ன என்று தெரியாது.

வலிக்குப் பாவம் என்று அரை பாரசிட்டமால் கரைத்துக் கொடுக்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான், நானும் ஒரு நொடி யோசித்தேன். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கு விடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான். டாக்டர் போட்டு அனுப்பிய வலி ஊசிக்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை.

கடுவன்களை 24 மணி நேரத்தில் விட்டோம். பெட்டைகளுக்கு 48, இரண்டு பேருக்கு மட்டும் 72. தானாகக் கரையும் நூலில் உள்தையல் போட்டிருந்ததால் தையல் பிரிக்கத் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: ரத்தக் கசிவு இல்லை, தின்றது, சிறுநீர் போனது, நேராக நிற்கிறது. ஒரு பெட்டையின் காகிதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தம் இருந்தது. படம் எடுத்து அனுப்பி, டாக்டர் சொல்லி இன்னொரு நாள் வைத்தோம். அதற்கு மேல் வரவில்லை.

விடுவது பிடித்த இடத்திலேயே. கதவை மதில் பக்கம் திருப்பி, துணியை விலக்காமல் கதவை மட்டும் தூக்கினால், ஒரு நொடி மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அம்பு மாதிரி போய்விடும். திரும்பியே பார்க்காது. இரண்டு நாள் தீனிக்கு வராது. மூன்றாம் நாள் 6.30க்குப் படிக்கட்டுக்குக் கீழே நிற்கும்.

குட்டிகள்

மூவண்ணியின் மூன்று குட்டிகளையும் ஆறாவது வாரத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஏழெட்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் மனிதக் கைக்குப் பழகுவது கடினம். முதல் நாள் மூன்றும் சீறின. விரலில் தீனியைத் தொட்டு நீட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் ஒன்று என் கையிலேயே தூங்கிவிட்டது.

பத்தாவது வாரம், மூன்றும் ஒரு கிலோவைத் தாண்டியதும் கருத்தடை. அங்கே இன்னொரு தப்பு. பெரிய பூனைக்குச் செய்கிற மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு எடுத்துப் போனேன். போகும் வழியிலேயே சின்னது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. குட்டிக்கு இவ்வளவு நேரம் வயிறு காய்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், இரண்டு மூன்று மணி நேரப் பட்டினியே போதும் என்றார் டாக்டர். ஈறில் சர்க்கரைப் பாகு தடவி, தேறிய பிறகு, அன்று வேண்டாமென்று அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து நல்லபடியாக முடிந்தது. அன்று மாலையே மூன்றும் ஓடி விளையாடின. பெரிய பூனைகளைவிட எவ்வளவோ சீக்கிரம் தேறினார்கள். மூவரும் இப்போது வீடுகளில் இருக்கிறார்கள், கருத்தடை முடித்துத்தான் கொடுத்தேன்.

விழும் சட்டம்

மூவண்ணிக்குத் திரும்ப வருகிறேன். கம்பிக் கூண்டில் நான்கு முறை முயன்றேன். இலை மறைத்து, அட்டை மறைத்து, வேறு மீன், வேறு இடம். மதில் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பூனை உள்ளே நுழைய வேண்டியிராத ஒன்று தேவைப்பட்டது. ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்த சட்டம்; அடியில் தீனி; தூரத்திலிருந்து கயிறு.

முதல் சட்டத்தைப் பிவிசி குழாயில் கட்டினேன். 90-க்கு 90 செ.மீ., உயரம் 35, மேலே வலை. ஒரே மாலையில் முடிந்தது, எடை ஒன்றேகால் கிலோகூட இல்லை. ஏற்கெனவே கருத்தடை ஆன வெள்ளைக்காலன் அடியில் வந்தபோது, சோதித்துப் பார்ப்போம் என்று கயிற்றை இழுத்தேன். தலையால் ஒரு முட்டு முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். மதில் மேலிருந்து மூவண்ணி அதையும் பார்த்தாள். சோதனையை அவள் கண்ணில் படாத இடத்தில் செய்திருக்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் போனது.

இரண்டாவது சட்டம் இரண்டுக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டையில். அளவு அதேதான், எடை ஆறரை கிலோ. மூலைக்கு எல் பட்டை, திருகாணி. வலைக்குச் சின்னக் கண்ணியுள்ள மென்மையான மீன்வலைத் துணி; பெரிய கண்ணி என்றால் நகமும் பல்லும் மாட்டிக் கிழியும். கீழ் விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து ஆணியடித்தேன், கால்மேல் விழுந்தால் அடிபடக் கூடாது. ஒரு பக்கம் 28 செ.மீ. அகலத்தில் மேலே தூக்கும் பிளைவுட் கதவு, கூண்டை ஒட்டி வைத்துப் பூனையை மாற்ற. முட்டுக் குச்சி ஒரு அடி. கயிறு எட்டு மீட்டர். குச்சியின் அடி மண்ணில் வழுக்காமல் இருக்க ஒரு ஓட்டுத் துண்டு. ஆறு நாள் கயிறு கட்டாமல், குச்சிக்குப் பதில் செங்கல் அடுக்கி, தீனியை மட்டும் அடியில் வைத்தேன். ஐந்தாம் நாள் அவள் சட்டத்துக்கடியில் உட்கார்ந்து தின்றாள்.

நேற்று நடுவில் தீனியைக் குவித்து வைத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தின் தூணுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம். முதலில் இரண்டு கடுவன்கள் வந்து தின்றுவிட்டுப் போனார்கள். 9.35க்கு அவள். விளிம்பில் முன்னங்கால் வைத்துக் காதை முன்னும் பின்னும் திருப்பினாள். இழுத்துவிடத்தான் கை துடித்தது. தலையைக் குனிந்து, முழு உடம்பும் நடுவுக்கு வந்து, தொடர்ந்து மெல்லத் தொடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரே இழுப்பு.

விழுந்ததும் ஓடிப்போய்ப் போர்வையால் மூடி, சட்டத்தின் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டேன். காவலாளி அண்ணன் கூண்டைக் கதவோடு சேர்த்து வைத்தார். கூண்டை மூடாமல், அதன் கடைசியில் டார்ச் வெளிச்சம் படும்படி வைத்தோம். கதவைத் தூக்கியதும் இருட்டிலிருந்து வெளிச்சத்துப் பக்கம் அவளாகவே போனாள். "வந்துட்டாம்மா" என்றார் அண்ணன், அவர் குரலே நடுங்கியது.

இன்று காலை டாக்டர் அழைத்தார். கருப்பையில் மூன்று வாரக் கரு மூன்று இருக்கிறது, செய்யட்டுமா என்றார். முதல் நாளே இதைப் பேசி வைத்திருந்தோம், இருந்தும் உடனே வாய் வரவில்லை. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கண் ஒட்டிக் கிடந்த குட்டியை நினைத்துக்கொண்டு, செய்யுங்கள் என்றேன். இது சரியா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. எனக்கு இருக்கும் வருத்தம், முதல் இரவே 90 செ.மீ. கூண்டோடு போயிருந்தால் அந்த நான்கு குட்டிகளும் பிறந்திருக்காது, இந்த இரண்டாவது சினையும் நேர்ந்திருக்காது என்பதுதான்.

எங்கள் கடுவன்கள் ஐந்து பேரும் மூன்று மாதத்துக்கு முன்பே முடித்தவர்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகும் சில வாரம் கடுவனுக்கு வித்து இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கும் தாண்டிவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒரு கடுவன் போதும் என்பதை நான் யோசிக்கவில்லை. கடுவன்களை முடித்தோம் என்று தெம்பாக இருந்தது தப்பு. அடுத்த முறை நோட்டில் பெட்டைகளுக்குத்தான் முதல் வரிசை. அவர்களில் யார் மிரளுகிறாளோ அவளுக்குத்தான் முதல் சட்டம். காலைச் சுற்றும் பூனைகள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள்.

செலவை நூறாக வைத்தால் ஆப்பரேஷன் 70, தடுப்பூசி 12, கூண்டும் சட்டமும் 11, மீதி ஆட்டோவும் மீனும். குறுகிய கூண்டுக்கும் பிவிசி சட்டத்துக்கும் போனது அந்த 11இல் பாதி. நேரம் எழுதி வைத்த அளவில் 190 மணி. அதில் மூவண்ணிக்கு மட்டும் 70க்கு மேல். பாட்டியின் மாடிக் காவலை இதில் சேர்க்கவில்லை.

இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தலை நிற்கிறது. துணியின் ஓரத்தைத் தூக்கியதும் என்னைப் பார்த்துச் சீறினாள். இடக் காதில் நேர்கோடு. தண்ணீர் வைத்துவிட்டேன்.

அந்த வெளித்தெருக் கடுவன் நேற்றும் வந்திருக்கிறான். கறுப்பு வெள்ளை, வலக் காது சண்டையில் கிழிந்தது. நோட்டில் 13ஆம் பக்கம் போட்டாயிற்று. பெரிய கூண்டைக் கதவு கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன், முதல் நாள் என்பதால் தீனி வாசலில். நாளை ஒரு சாண் உள்ளே.